எட்டாவது பொழுதுபோக்கு

தூண்டிலில் மீன் துடித்த அதே நொடியில்...

கஜீவனின் போன் அடித்தது!

ஏரிக்கரையில் நின்ற ஆறு பேரும் கை தட்டினார்கள். போனுக்கு அல்ல, மீனுக்கு.

"போனை எடுங்கள்! மீனை நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று ஆங்கிலத்தில் சிரித்தான், தூண்டில் போடச் சொல்லிக்கொடுக்கும் தாடிக்காரன்.

கஜீவன் உடனே எடுக்கவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு!

நான்காவது மணிக்குத்தான் எடுத்தான். முதல் மணியிலேயே எடுத்தால், அந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன் போல் தெரியுமே!

"ஹலோ?"

பேசியது போலீஸ்.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண்... அருவிக்குக் கீழே... பாறைகளுக்கு நடுவில்... சைக்கிள் ஓட்டப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள்... ஜாக்கெட் பையில் நீங்கள் வாடகைக்கு எடுத்த கேபினின் சாவி...

கஜீவன் அலறினான்.

"ஐயோ... என்ர சயந்தினீ...!"

அருமையான அலறல். எதிர்க்கரை வாத்துகள் கூட்டமாக எழுந்து பறந்தன. மெல்போர்னின் டண்டினொங்கில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் வேர்ஹவுஸின் கார் பார்க்கில், கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூன்று நாள் பழகிய அலறல் ஆயிற்றே!

கரையில் கிடந்த மீன் கடைசியாக ஒரு தடவை வாலை அடித்தது.

பிறகு அடிக்கவில்லை.

*

இரண்டு கிழமைகளுக்கு முன்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குப் பின்னால், காருக்குள், கஜீவனும் மயூராவும்.

மயூராவுக்கு முப்பத்தொரு வயது. பல் டாக்டர் ஒருவரிடம் நேர்ஸ். கஜீவன் தலைவராக இருக்கும் பழைய மாணவர் சங்கத்தில் அவள் செயலாளர். கூட்டத்தில் அவனை 'அண்ணா' என்பாள். காருக்குள் 'கஜி'.

"டிவோர்ஸ் எடுங்கோவன் கஜி. பதினொரு வருசம் இழுத்தது காணும்."

"டிவோர்ஸோ? விசர்க் கதை கதைக்காத மயூ! நோபல் பார்க்கில இருக்கிற எங்கட சனம் முழுக்க என்னைக் கிழிச்சுத் தொங்கவிடும். உன்னையும் சேர்த்து."

"அப்ப நான் உப்பிடியே கார் பார்க் கார் பார்க்காத் திரியிறதோ?"

"பொஞ்சாதி செத்த மனுசனைப் பார்த்திருக்கிறியோ?"

மயூரா ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரோவை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்ன?"

"சனம் வீடு தேடிச் சாப்பாடு கொண்டு வரும். ஒரு வருசத்தால அதே சனமே வந்து, 'தம்பி, தனிய இருக்காதேயும், ஒரு கலியாணத்தைச் செய்யும்' எண்டு கெஞ்சும். அப்ப நீ வந்து நிக்கிறாய். பாவம் பார்த்துக் கட்டின தங்கமான பிள்ளையெண்டு உனக்கும் பேர்!"

மயூரா யோசித்தாள். ஒரு முழு நிமிடம் யோசித்தாள்.

"ரெண்டாந்தாரம் எண்டால் கலியாண மண்டபம் எடுக்கேலாதோ?"

அவளுடைய மனச்சாட்சி அவ்வளவுதான்!

கஜீவன் ஒரு துண்டுப் பிரசுரத்தை அவள் மடியில் போட்டான். மெல்போர்னிலிருந்து மூன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் 'கிளவுட் சாடில்' என்ற மலையூரின் விளம்பரம்.

'ஸ்கீ பனிச்சறுக்கு முடிந்ததா? மலை முடியவில்லை! வசந்தத்தில் செய்ய ஏழு பொழுதுபோக்குகள்!'

கம்பிவட நாற்காலியில் மலையேறலாம். அருவிக்கு நடக்கலாம். மலைச் சைக்கிள் ஓட்டலாம். குதிரை ஏறலாம். காட்டுப் பூக்கள் பார்க்கலாம். ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கலாம். பொழுதுபட வொம்பாட் என்ற காட்டு விலங்கைப் பார்க்கலாம்.

"ஏழுதான் போட்டிருக்கிறாங்கள். எட்டாவது ஒண்டு இருக்கு," என்றான் கஜீவன்.

எட்டாவதை அவன் எழுதவில்லை. எழுதினால் சாட்சி!

"ஸ்கீ சீசனில அங்க சனம் எறும்பு மாதிரி. இப்ப பனி உருகுது. கேபின்காரன் ஈ ஓட்டுறான். காலமை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போறன். பத்து மணிக்கு வேலை முடியும். பனி உருகின தண்ணி மயூ! உடம்பு ஃப்ரிட்ஜில வைச்ச மாதிரி இருக்கும். பத்து மணிக்குச் செத்தாளோ, ரெண்டு மணிக்குச் செத்தாளோ, ஒரு டொக்டராலயும் அடிச்சுச் சொல்லேலாது."

"அதுக்கு நான் என்னத்துக்கு?"

"மத்தியானம் நீதான் சயந்தினி."

மயூராவின் கண்கள் விரிந்தன.

"ஒரே மாதிரி ரெண்டு மஞ்சள் ஜாக்கெட் வாங்கி வைச்சிருக்கிறன். அதைப் போட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு என்னோட இருந்து சாப்பிடுறாய். பிறகு தனிய மலைக்கு ஏறுறாய். நான் மீன் பிடிக்கப் போறன், நாலு பேருக்கு முன்னால. மேல போய் ஜாக்கெட்டைக் கழட்டிப் பையில போட்டு, மற்றப் பக்கத்தால இறங்கிக் காரை எடுத்துக்கொண்டு நீ வீட்டை போ."

"என்ர முகம்? ஆள் வித்தியாசம் தெரியாதோ?"

கஜீவன் சிரித்தான்.

"அங்க முழுக்க வெள்ளையள். எங்கட ஆக்கள் பத்துப் பேரை வரிசையில நிப்பாட்டினாலும் அவங்களுக்கு ஒரே ஆள்தான். மஞ்சள் ஜாக்கெட், மண்ணிற மூஞ்சை. அவ்வளவும்தான் ஞாபகம் நிக்கும்!"

*

அக்டோபர் மாதம். இரண்டாவது சனிக்கிழமை. காலை எட்டரை.

கேபினின் குசினி மேசையில் ஒரு டப்பா நிறைய ரோல்ஸ். சயந்தினி வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து சுருட்டிப் பொரித்தது. உள்ளே ஆட்டிறைச்சி.

கஜீவன் நான்காவதை எடுத்தான்.

"இஞ்சாருங்கோ, உறைப்புக் காணுமோ?"

"ம்."

"இன்னொண்டு எடுங்கோவன். மலை ஏறிறதெல்லோ."

சயந்தினி அவன் கடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எச்சிலை விழுங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அவள் முன்னால் தட்டு இல்லை.

கஜீவன் அதைக் கவனிக்கவில்லை. பதினொரு வருடத்தில் அவன் அவளுடைய தட்டைப் பார்த்ததே இல்லை!

"எவ்வளவு நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் வெளிக்கிட்டிருக்கிறம்..." அவள் குரல் தழுதழுத்தது. "நான் கும்பிட்டது வீண் போகேல்ல."

"அழாதையும். வெளிக்கிடும். அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் போடும். குளிர்."

"நீங்கள் வாங்கித் தந்தது... போடாமல் விடுவனே!"

ஒன்பதே காலுக்கு நடக்கத் தொடங்கினார்கள். பாதை முழுக்கச் சேறு. மரங்களின் நிழலில் மட்டும் அழுக்குப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் ஓரங்களில் மஞ்சள் வாட்டில் பூ.

ஒரு மனிதர் இல்லை.

"கொஞ்சம் மெதுவாப் போவம். தலை சுத்துது."

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. வெறும் வயித்..." அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஒண்டுமில்லை. வாங்கோ."

தலை சுற்றுகிறதாம்! கஜீவனுக்குச் சந்தோஷம். வேலை பாதி முடிந்ததுபோல.

பத்து மணி.

அருவி இடிபோல் விழுந்துகொண்டிருந்தது. அறுபது அடிப் பள்ளம். கம்பி வேலி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் பாசி மின்னியது.

"சயந்தினி, போனைத் தாரும். உம்மை ஒரு படம் எடுப்பம்."

அவள் போனைக் கொடுத்தாள். அவன் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவளுக்கு விளங்கவில்லை.

"ஐயோ, நீங்கள் உதில நிக்காதேங்கோ! பாசி. இஞ்சால வாங்கோ!"

"எனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்டும் ஆகக்கூடாது!" அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துவிட்டு, தான் வெளிப்பக்கம் போய் நின்றுகொண்டாள். "தீபாவளி அண்டைக்கு உங்கட இந்தக் கையில ஒரு சாமான் கட்டி விடுவன். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

"என்ன சாமான்?"

"இப்ப சொல்ல மாட்டன். நக்கலடிப்பியள்."

அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே...

தள்ளினான்!

இரண்டு கையாலும்.

அருவியின் சத்தத்தில் அவள் கத்தினாளா, இல்லையா என்றுகூட அவனுக்குக் கேட்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தான். நுரைக்குள் மஞ்சள் நிறம் ஒரு தடவை புரண்டது. பாறை இடுக்கில் போய்ச் சிக்கியது. பிறகு அசையவில்லை.

கஜீவன் சப்பாத்தில் இருந்த சேற்றைப் புல்லில் துடைத்தான்.

பசித்தது.

*

பன்னிரண்டே கால். மலையடிவாரச் சாப்பாட்டுக் கடை.

மூலை மேசையில் கஜீவனும் ஒரு மஞ்சள் ஜாக்கெட்டும்.

தொப்பி புருவம் வரை. கறுப்புக் கண்ணாடி. கழுத்தைச் சுற்றி சால்வை. வாய் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"முடிஞ்சுதோ?" மயூரா உதடு அசையாமல் கேட்டாள்.

"முடிஞ்சுது."

"கத்தினவளோ?"

"கேக்கேல்ல. சாப்பாட்டைச் சொல்லு."

பரிமாறும் பெண் வந்து நின்றாள். இன்று காலை பிடித்த ட்ரவுட் இருக்கிறதாம். எலுமிச்சை பிழிந்து முழுசாகச் சுட்டுத் தருவார்களாம்.

மயூரா மெனுவால் முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்தாள்.

"கஜி... அவ மீன் சாப்பிடுவாவோ? பிறகு பிழையாப் போயிடும்."

கெட்டிக்காரி! கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டாள்!

"சயந்தினியோ?" கஜீவன் மெல்லச் சிரித்தான். "முள்ளைக் கூட விடாள்! ரெண்டு சொல்லு."

இரண்டு ட்ரவுட் வந்தது. மயூரா அதிகாலையில் வண்டியெடுத்தவள். நல்ல பசி. தலையிலிருந்து வால்வரை ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடையின் கமராவுக்குக் கீழே, வடிவாக உட்கார்ந்து, நாற்பது நிமிடம் சாப்பிட்டாள்.

"உங்கள் மனைவிக்குப் பிடித்திருக்கிறது போல!" என்று தட்டை எடுத்தாள் அந்தப் பெண்.

"என் மனைவிக்கு மீன் என்றால் உயிர்!" என்றான் கஜீவன்.

ஒரு மணிக்குக் கம்பிவட நாற்காலி. மஞ்சள் ஜாக்கெட் தனியே ஏறி உட்கார்ந்தது. கீழே நின்று கஜீவன், இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக் கேட்கும்படி கத்தினான்.

"சயந்தினீ! நாலு மணிக்கு வாரும்! அருவிப் பக்கம் கவனம்!"

மஞ்சள் கை ஒன்று மேலே ஆடியது.

ஒன்றரைக்கு அவன் ஏரியில் நின்றான். தாடிக்காரனோடு சேர்த்து ஆறு சாட்சிகள்.

போன் அடித்தது நாலரைக்கு!

*

அதே நாள். மாலை ஐந்து மணி.

போலீஸ் வண்டி ஏரிக்கரையில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கினாள்.

கஜீவனின் அழுகை ஒரு கணம் நின்றுபோனது.

மண்ணிறம்!

"அண்ணா, நான் சீனியர் கான்ஸ்டபிள் இன்ஷிரா," என்றாள் அவள். தமிழில்! "எங்கட வாப்பா மன்னார் ஆள். நான் வளர்ந்தது டண்டினொங். போன வருசம்தான் இந்த மலைக்கு மாத்தி விட்டவங்க. இருங்க, தண்ணி குடிங்க."

மலை முழுக்க வெள்ளையர் என்று கணக்குப் போட்டவனுக்கு முன்னால், சீருடையில் தமிழ் பேசும் ஒரு பெண்!

சமாளித்தான்.

"தங்கச்சி... என்ர உலகமே போயிட்டுது..."

"அக்காவைக் கடைசியா எப்ப கண்டீங்க?"

"ஒரு மணிக்கு. கம்பிவடத்தில ஏத்தி விட்டனான். அதுக்கு முதல் ஒண்டாத்தான் சாப்பிட்டனாங்கள்... அவவின்ர போன் கேபினில சார்ஜில கிடக்குது... அதால கூப்பிடவும் ஏலாமப் போச்சு..."

இன்ஷிரா எழுதிக்கொண்டாள்.

"நீங்க?"

"இஞ்சதான் நிண்டனான். இவையளைக் கேளுங்கோ!"

கேட்டாள். ஆறு பேரும் சொன்னார்கள். நல்ல மனிதர், மனைவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்றார்கள். கம்பிவடக்காரன் சொன்னான். சாப்பாட்டுக் கடைப் பெண் கண்ணீர் விட்டாள்.

எல்லாம் பொருந்தியது!

பிறகு இன்ஷிரா கேபினைப் பார்க்கப் போனாள்.

குசினி அலமாரித் தட்டில் ஒரு சின்னச் சாமிப் படம். சிவனும் பார்வதியும். முன்னால் ஒரு அகல் விளக்கு. பக்கத்தில் விலை ஒட்டி உரியாத ஒரு புதுச் சட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், பால் போத்தல். படத்துக்குக் கீழே ஒரு காகிதம். அதில் இருபத்தொரு கட்டங்கள் கீறியிருந்தன. ஒன்பது கட்டங்களில் குங்குமப் பொட்டு.

இன்ஷிரா அந்தக் காகிதத்தின் முன்னால் கனநேரம் நின்றாள்.

கஜீவனிடம் எதுவும் கேட்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை பின்னேரம். நோபல் பார்க்.

வீட்டு வாசலில் முப்பது சோடிச் செருப்பு!

கஜீவன் நினைத்ததைவிட நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு 'யாரையும் பார்க்க ஏலாது' என்று கிடந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஹோலுக்கு வந்து உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவனுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஹோலில் ஆண்கள். குசினியில் பெண்கள். மேசையில் டப்பாக்கள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, மரக்கறிச் சோறு.

"ஒரு வாய் சாப்பிடும் தம்பி," என்றார் ஆனந்தராஜா அங்கிள். "உம்மைப் பார்க்க ஏலாமக் கிடக்குது."

"எப்பிடி அங்கிள் இறங்கும்..." என்றான் கஜீவன். புட்டு இறங்கியது.

மயூரா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். வெள்ளைச் சுடிதார், சிவந்த கண். ஹோலைப் பார்க்காமல் நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடத் தொடங்கினாள். 'என்ன நல்ல பிள்ளை' என்று இரண்டு பேர் இப்போதே சொல்லிவிட்டார்கள்!

அந்த நேரத்தில் மணி அடித்தது.

இன்ஷிரா.

பின்னால் இன்னொருவர். கோட் போட்ட பெரிய வெள்ளைக்காரர். டிடெக்டிவ். முப்பது சோடிச் செருப்பைப் பார்த்ததும் அவரும் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சொக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"அண்ணா, மரண விசாரணைக்கு ரெண்டு கேள்வி. உள்ள தனியப் போய்க் கதைப்பமா?"

கஜீவன் ஹோலைப் பார்த்தான். இருபது சோடிப் பரிதாபக் கண்கள். அருமையான சபை!

"என்னத்துக்குத் தங்கச்சி தனிய? இதெல்லாம் எங்கட சனம். இஞ்சயே கேளுங்கோ."

"அப்ப சரி. நீங்க சொல்றதெல்லாம் பதிவாகும்." அவள் சட்டையில் மாட்டியிருந்த சின்னக் கமராவில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கியது. "விருப்பம் இல்லாட்டிப் பேசாம இருக்கலாம். சொன்னா, கோர்ட்டில சாட்சியா எடுக்கலாம்."

"எனக்கென்ன மறைக்கக் கிடக்குது!"

"அண்டைக்கு மத்தியானம் கடையில உங்களோட இருந்தது அக்காதானே?"

"வேற ஆர் தங்கச்சி என்னோட இருக்கப் போயினம்?"

குசினியில்...

மயூரா சீனி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவனேஸ்வரி அன்ரி மூக்கைச் சிந்தினார்.

"பாவம், அந்தப் பிள்ளை... அந்த மலையில பசியில தலை சுத்தித்தான் விழுந்திருப்பாள்..."

"பசியோ? ஏன் அன்ரி?" என்றாள் மயூரா.

"உமக்குத் தெரியாதே? நீர் கோயிலடிக்கு வாறேல்ல. கேதார கௌரி விரதமெல்லோ பிடிச்சவள்! இருபத்தொரு நாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணிதான். பொழுதுபட்டு விளக்கு வைச்சாப் பிறகு ஒரு நேரச் சாப்பாடு. மீன், இறைச்சி வாயிலயே வைக்கிறேல்ல! விழேக்க பத்தாம் நாள்..."

கரண்டி விழுந்தது.

மயூராவின் முகத்தில் இரத்தம் இல்லை.

ட்ரவுட்! தலையிலிருந்து வால்வரை!

"என்ன பிள்ளை, கை சுட்டதே?"

மயூரா தட்டில் நாலு கப்பை வைத்துத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு ஓடினாள். தேத்தண்ணி சிந்திக்கொண்டே வந்தது.

இன்ஷிரா அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா என்ன சாப்பிட்டவ?"

"அண்ணா... தேத்தண்ணி!" மயூரா குறுக்கே நீட்டினாள். கண்ணை உருட்டினாள். தலையை இல்லை என்று அசைத்தாள். மெல்ல... மிக மெல்ல.

கஜீவன் பார்த்தான்.

'போதாது, இன்னும் கொஞ்சம் அழுங்கோ' என்கிறாள் போல!

அழுதான்.

"மீன் தங்கச்சி... ட்ரவுட்... அதுதான் கடைசிச் சாப்பாடெண்டு ஆருக்குத் தெரியும்..."

"அண்ணா, ஆறப் போகுது, குடியுங்கோ!" மயூரா ஒரு கப்பை அவன் கையில் திணித்தாள். குரல் கீச்சிட்டது.

"ஒரு துண்டா, முழு மீனா?" இன்ஷிரா விடவில்லை.

"முழு மீன்! முள்ளைக் கூட விடேல்ல!"

"நீங்க கண்ணால கண்டீங்களா?"

"கண்டதோ? என்ர இந்தக் கையால... ஒரு துண்டு ஊட்டியும் விட்டனான் தங்கச்சி!"

ஹோலில் இருந்த ஆண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மயூரா கண்ணை மூடினாள்.

குசினி வாசலில் ஒரு சத்தம். சிவனேஸ்வரி அன்ரி நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பெண்கள். ஒருத்தி முகத்திலும் அழுகை இல்லை.

"தம்பி கஜீவன்... என்ன கதைக்கிறீர்?"

"என்ன அன்ரி?"

"மீன் சாப்பிட்டவளோ? சயந்தினியோ? அவள் விரதமெல்லோ!"

"விரதமோ?" கஜீவன் விழித்தான். "என்ன விரதம்?"



"என்ன விரதமோ!" அன்ரியின் குரல் நடுங்கியது. "கேதார கௌரி, தம்பி! பெண்சாதிமார் ஆருக்காகப் பிடிக்கிறவையள் எண்டு தெரியாதே உமக்கு? மனுசன் கனகாலம் உயிரோட இருக்கவேணும் எண்டு பிடிச்சு, தீபாவளி அண்டைக்கு அவரின்ர கையில காப்பு நூல் கட்டி விடுறது! நீர் அவளை விட்டுத் தள்ளிப் போறீரெண்டு என்னட்டை வந்து அழுதவள். நான்தான் பிடிக்கச் சொன்னனான். 'அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ அன்ரி, நக்கலடிப்பார்' எண்டவள்... எட்டு நாள் என்னோட இருந்து கதை படிச்சவள்... மீன் திண்டாளோ?"

"அது... ஓமோம்..." கஜீவனின் நெற்றியில் வியர்வை. "இப்பதான் ஞாபகம் வருது... அண்டைக்கு மட்டும் விரதத்தை முறிச்சவ... நான் ஆசைப்பட்டுக் கேட்டனான் எண்டு..."

"அப்பிடியா?" இன்ஷிரா கையில் இருந்த கோப்பைத் திறந்தாள். நிதானமாக. "நானும் அதைத்தான் யோசிச்சன். கேபினில அந்தப் படத்தைக் கண்டதில இருந்து எனக்கு நித்திரை இல்ல அண்ணா. எங்கட பக்கத்து வீட்டு அன்ரியும் வருசா வருசம் இதே மாதிரிக் கட்டம் கீறி வைப்பா. சரி, மனசு மாறி முறிச்சிருப்பா எண்டு பிரேதப் பரிசோதனை வரும் வரைக்கும் பொறுத்திருந்தன். இண்டைக்குக் காலையில வந்தது."

"என்ன... வந்தது?"

"வயிறு வெறுமை. வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு ஒரு பருக்கை கூட உள்ள போகல்ல. தண்ணி மட்டும்தான்."

கஜீவனின் கையில் இருந்த கப் சாய்ந்தது. சூடான தேத்தண்ணி தொடையில் கொட்டியது. அவனுக்குச் சுடவில்லை.

"நீங்க ஊட்டி விட்ட மீன் ஆரோ ஒருத்தர்ட வயித்துக்குள்ள போயிருக்கு. அக்காட வயித்துக்குள்ள போகல்ல." இன்ஷிரா ஹோலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மஞ்சள் ஜாக்கெட்டில இருந்து வடிவாச் சாப்பிட்டது ஆரு அண்ணா?"



படார்!

தட்டு தரையில் விழுந்தது. மிச்ச மூன்று கப்பும் நொறுங்கின.

"நான் ஜாக்கெட் மட்டும்தான் போட்டனான்!" மயூரா கத்தினாள். "தள்ளினது இவர்! இவர்தான்! நான் கேட்டனான், அவ மீன் சாப்பிடுவாவோ எண்டு கேட்டனான்! முள்ளைக் கூட விடாள் எண்டு சொன்ன மூதேவி இதுதான்!"

"வாயை மூடடி!"

"நீ மூடடா! பதினொரு வருசம் ஒரு பெட்டையோட இருந்திருக்கிறாய், அவள் திண்டாளோ பட்டினியோ எண்டு தெரியாத மாடு!"

இந்த ஹோலில் மயூரா 'அண்ணா' என்று சொல்லாதது அதுவே முதல் தடவை.

சிவனேஸ்வரி அன்ரி நடந்து வந்தார். மேசையில் இருந்த தன்னுடைய புட்டு டப்பாவை எடுத்தார். மூடினார். கஜீவனின் மடியில் இருந்த தட்டையும் எடுத்தார். அதில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. மேசை வெறுமையாயிற்று.

ஓட்டைச் சொக்ஸ் டிடெக்டிவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் கையில் விலங்கோடு வாசலை மறித்து நின்றார். எல்லாம் விளங்கிய முகம்.

விலங்கு பூட்டப்பட்டது. வலது கையில் பூட்டும்போது கஜீவனுக்கு அருவியடி ஞாபகம் வந்தது. 'உங்கட இந்தக் கையில ஒரு சாமான் கட்டி விடுவன்...'

இப்போது வந்த அழுகை பழகாத அழுகை. அசிங்கமாக இருந்தது.

வாசலில், செருப்புக் குவியலுக்கு நடுவில் தன்னுடையதைக் காலால் தேடிக்கொண்டே கேட்டான்.

"தங்கச்சி... என்னைத் தூக்கில போடுவினமோ?"

இன்ஷிரா குனிந்து தன் சப்பாத்து நூலைக் கட்டி முடித்தாள். நிமிர்ந்தாள்.

"இந்த நாட்டில தூக்கு இல்ல அண்ணா. உள்ள மூண்டு நேரமும் சாப்பாடு. வருத்தம் வந்தா டொக்டர். நேரத்துக்கு நித்திரை. உங்களைத் தள்ளி விழுத்த ஒரு மலை இல்ல, அருவி இல்ல. நூறு வயசு வரைக்கும் நல்லா இருப்பீங்க... யோசிக்காதீங்க, அக்காட விரதம் பலிச்சிட்டுது!"